கத்திரிப்பூ மிஷின் தூசியைக் கக்கும்

எங்கள் வீட்டில் ஆடாமல் உட்காரக்கூடிய நாற்காலி இரண்டுதான். வேக்குவம் கிளீனர் மூன்று இருக்கிறது. மூன்றுமே அடுத்தவர் வீட்டில் உழைத்துக் களைத்து வந்தவை. மூன்றும் பையில்லாத ரகம். உறிஞ்சிய தூசி உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவில் சுழன்று சுழன்று விழும், நாம் வெளியே இருந்து பார்க்கலாம். உடம்பு விசாரிக்க வருகிற சொந்தக்காரர்கள் ஆப்பிளை வைத்துவிட்டு, நோயாளியைப் பார்த்துவிட்டு, அடுத்தபடியாக இவற்றைத்தான் பார்ப்பார்கள்.

"எதுக்கு மாப்ள மூணு?"

"ஒண்ணு பயத்துக்கு, ஒண்ணு பதட்டத்துக்கு, ஒண்ணு ஸ்பேரு" என்பேன். சிரிப்பார்கள். நான் பொய் சொல்லவில்லை என்பது உள்ளே படுத்திருப்பவளுக்கு மட்டும் தெரியும்.

உள்ளே படுத்திருப்பவள் என் மனைவி. நான் புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளர். எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது கிளம்பியது என்று பார்ப்பதும், லேட்டாக வந்த டிரைவரை முறைப்பதும், மைக்கில் கூப்பாடு போடுவதும் வேலை. மைக்கில் என் குரல் கம்பீரமாக இருக்குமாம். மைக்கை அணைத்துவிட்டால் நான் வேறு ஆள். கரப்பான் பறந்தால் கட்டில்மேல் ஏறுகிறவன். எங்களுக்குப் பிள்ளை இல்லை; அதனால் வீட்டில் பயப்படுகிற வேலை முழுக்க என் ஒருவன் தலையிலேயே விழுந்துவிட்டது.

முதலில் வெறும் இருமல். கஷாயம், மிளகு, மருந்துக்கடை மாத்திரை. அப்புறம் ஒருநாள் பஸ் படிக்கட்டில் ஏறியவள் ஏறிய இடத்திலேயே நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் கத்துகிறார்கள், அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு வாங்குகிறாள். திருச்சிக்குக் கூட்டிப்போனேன். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் காட்டி டாக்டர் சொன்னார்:

"நுரையீரல் பஞ்சு மாதிரி இருக்கணும் சார். இவங்களுக்கு அது காஞ்ச பீர்க்கங்கூடு மாதிரி ஆயிக்கிட்டு வருது. விறைச்சுப் போகுது."

"எதனால டாக்டர்?"

"தெரியல. சிலபேருக்கு இப்படி வருது."

"சரியாயிருமா?"

அவர் என்னைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "மெதுவாக்கலாம்."

அந்த வார்த்தையோடு எனக்கு மூச்சு நின்றுபோனது. அப்படித்தான் தோன்றியது. கண் இருட்டி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தேன். நர்ஸம்மா ஓடிவந்து, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்ட அவள் விரலில் மாட்டியிருந்த கிளிப்பைக் கழற்றி என் விரலில் மாட்டினார். தொண்ணூற்றொன்பது. அவளுக்கு எண்பத்தெட்டு காட்டிய கிளிப் அது. ஸ்கேன் கவரை வைத்து எனக்கு விசிறிக்கொண்டே அவள் நர்ஸிடம் சொன்னாள்: "தொண்ணூத்தொம்பத வச்சுக்கிட்டு இவரு மயங்குறாரு. எம்பத்தெட்ட வச்சுக்கிட்டு நான் விசிறுறேன். எங்க வீட்டுல எப்பவுமே இப்படித்தான் சிஸ்டர்."

புகை ஆகாது, தூசி ஆகாது, விளக்குமாற்றைத் தொடவே கூடாது, ஈரத்துணி போட்டுத் துடையுங்கள் என்றார் டாக்டர். வீடு எங்கே இருக்கிறது என்று கேட்டார். நார்த்தாமலைக்குப் பிரிகிற பக்கம் என்றேன். ஜல்லி லாரியும் எம்-சாண்ட் லாரியும் நாளெல்லாம் வாசலை உரசிக்கொண்டு போகிற ரோடு. காலையில் துடைத்த மேஜையில் மதியம் விரலால் கோலம் போடலாம். "கொஞ்ச நாளைக்காவது வேற எடத்துல இருக்க முடியுமான்னு பாருங்க" என்றார்.

மாமியார் அதைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு மணமேல்குடிப் பக்கம் வீடு. கடல்காத்து, மணல், லாரி கிடையாது. "எம்மகளக் கூட்டிக்கிட்டுப் போறேன் மாப்ள. நீங்க ஞாயித்துக்கெழமை வந்து பாருங்க" என்றார், ஏதோ ஹாஸ்டலில் சேர்ப்பது போல.

அவள் மாட்டேன் என்றுவிட்டாள். "அங்க போயிப் படுத்தா நான் நோயாளி மகளாயிருவேன் ஆத்தா. இங்கன இருந்தா அடுப்பு இருக்கு, சாவிக்கொத்து இருக்கு, இவர வையிற வேலை இருக்கு. எம்மூச்சு எங்க வீட்டுல இருக்கட்டும்."

"அப்ப தூசி?"

"தூசிய நான் பாத்துக்குறேன் அத்த" என்றேன். மைக் குரலில் சொன்னேன்.

மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி. பாத்துக்கங்க. ஆனா அவளுக்கு மூச்சு எறங்குச்சுன்னா நான் ஒங்ககிட்டக் கேக்க மாட்டேன். தூக்கிக்கிட்டுப் போயிருவேன்."

இப்படியாக என் மனைவி அவள் வீட்டில் இருப்பதா இல்லையா என்கிற விவகாரம், கரப்பானுக்குப் பயப்படுகிறவனின் கையில் வந்து சேர்ந்தது.

ஈரத்துணி தரைக்குச் சரி. மெத்தைக்கு? ஜன்னல் வலைக்கு? மூலையில் மாவாகக் குவிந்து கிடக்கும் கல்தூளில் ஈரத்துணியைப் போட்டால் அது சேறாகி, காய்ந்து, மறுபடி தூளாகும். பை வைத்த மிஷின் நல்லது என்று ஒருவர் சொன்னார். அதற்குப் பை எங்கே போய் வாங்குவது? புதுக்கோட்டையில் கடைக்குக் கடை ஏறிக் கேட்டேன். ஒரு கடையில் மஞ்சப்பை எடுத்துக் கொடுத்தார்கள்.

மச்சான்தான் முதல் மிஷினைக் கொண்டுவந்தார். மனைவியின் அண்ணன். குவைத்தில் ஒரு வீட்டில் டிரைவராக இருந்து திரும்பியவர். அந்த வீட்டில் கழித்துப்போட்டதை அட்டைப்பெட்டியில் கட்டிக்கொண்டு வந்து, இத்தனை வருஷமாகப் பரணில் வைத்திருந்தார். கத்திரிப்பூ நிறம், கன்றுக்குட்டி கனம். அதன் பிளக்குக்கு மூன்று சதுரப் பல். நம் ஊர்ச் சுவரில் எந்த ஓட்டையிலும் நுழையாது. அதற்கொரு அடாப்டர் தேடி ஒரு வாரம் அலைந்தேன். மாட்டிப் போட்டதும் ரைஸ் மில் வீட்டுக்குள் வந்துவிட்டது. பாயை உறிஞ்சியது. கால்மிதியை உறிஞ்சியது. என் வேட்டி நுனியை உறிஞ்சி என்னைக் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போனது. டப்பாவுக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு சூறாவளி. பத்து நிமிஷத்தில் அரை டப்பா கல்தூள்! எனக்கு வந்த சந்தோஷத்தில், எதிரியின் தலையைக் கொய்து வந்தவன் மாதிரி டப்பாவைக் கழற்றிக் கொண்டுபோய் அவளிடம் காட்டினேன்.

"தள்ளிக் கொண்டுபோங்க அதை" என்று முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். "தூசி ஆகாதுன்னுதான எடுத்தீங்க? பெறகு எம்மூஞ்சிக்குக் கொண்டாந்தா?"

டப்பாவைக் காலி செய்வது ஒரு தனிச் சடங்கு. திறந்தால் தூசி புகையாக எழும்பும். பெரிய பாலித்தீன் கவருக்குள் டப்பாவை விட்டு, கவர் வாயைக் கையோடு சேர்த்துப் பிடித்து, உள்ளேயே தட்ட வேண்டும். அதை நான் கண்டுபிடிப்பதற்கு முன்னால் ஆடி மாதம் வந்துவிட்டது. கொல்லையில் நின்று கொட்டினேன். காற்று அப்படியே திருப்பி என் மேலே பூசியது. அடுத்த தடவை முகத்தில் துண்டைக் கட்டி, கண்ணுக்கு வெல்டிங் கண்ணாடி போட்டுக்கொண்டு போனேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "என்ன மாப்ள, எந்த பேங்கு?" என்றார்.

ஒன்றோடு நிறுத்தியிருக்கலாம். பயந்தவனுக்கு ஒன்று போதாது. அது கெட்டுப்போனால்? கீழ ராஜ வீதியில் பழைய சாமானை எடுத்துக்கொண்டு புதுசு தருகிற கடையில், யாரோ விட்டுப்போன சிவப்பு மிஷின் ஒன்று கிடைத்தது. டப்பாவில் விரிசல், அதன்மேல் பேக்கிங் டேப். சக்கரத்தில் யார் வீட்டுத் தலைமுடியோ உருண்டையாகச் சுற்றியிருந்தது. ஊசியால் அறுத்து எடுத்தேன். உறிஞ்சும், நடுத்தரமாக. ஃபில்டரைக் கழுவினால் முழுசாகக் காய்ந்த பிறகுதான் மாட்ட வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தோடு மாட்டினேன். வீடு முழுக்க நனைந்த நாய் வாசனை.

மூன்றாவது திருமயம் பக்கம் ஒரு பெரிய வீட்டிலிருந்து வந்தது. வீட்டுக்காரர்கள் சென்னையோடு போய்விட்டார்கள், காவலுக்கு இருந்தவர் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். சின்னது, சாம்பல் நிறம், ரிட்டையர் ஆகப்போகிற குமாஸ்தா மாதிரி. ஓர் அரிசியை உறிஞ்சுவதற்குள் மூன்று தடவை முன்னும் பின்னும் போக வேண்டும். அதை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இது உறிஞ்சல. யோசிக்குது" என்றாள் அவள்.

மிஷின் மூன்றானதும் எனக்குப் பரீட்சை வைக்கும் புத்தி வந்தது. ஜன்னல் வலையில் தட்டிய கல்தூளைச் சலித்து, கூடத்தில் மூன்று பாய் அகலத்துக்கு மூன்று பட்டையாகத் தூவினேன். அவளைக் கதவடைத்த அறைக்குள் விட்டாயிற்று. ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு மிஷின். கத்திரிப்பூ முதல் மார்க், சந்தேகமே இல்லை. சிவப்பு பாஸ். சாம்பல் மறுபடி எழுத வேண்டும். முடிவை அறிவிக்கலாம் என்று நிமிர்ந்தபோது கண்ணாடி ஓட்டு வழியாக வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. சாய்வாக, கம்பம் மாதிரி. அந்தக் கம்பத்துக்குள் புகை போல ஏதோ சுழன்றது. அடுப்பு எரியவில்லை. ஊதுபத்தி இல்லை.

கத்திரிப்பூவை மறுபடி போட்டேன். அதன் முதுகுப்புறச் சல்லடையிலிருந்து, வெயிலில் மட்டும் தெரிகிற மாதிரி, மாவைவிட மெல்லிசான தூசி குபுகுபுவென்று வந்தது. சல்லடையைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஃபில்டரே இல்லை. குவைத்திலேயே யாரோ எடுத்து எறிந்திருக்கிறார்கள். அதனால்தான் அந்த இழுவை. பெரிய தூசியை டப்பாவில் பிடித்து எனக்குக் காட்டிவிட்டு, சின்னத் தூசியை, நெஞ்சுக்குள் இறங்கக்கூடிய தூசியை, அரைத்துச் சலித்து அவள் மூச்சுக்குப் பரிமாறியிருக்கிறது. சிவப்பையும் வெயிலில் வைத்துப் பார்த்தேன். டேப் போட்ட விரிசலில் ஒரு கோடு கசிந்தது. சாம்பல் மட்டும் சுத்தம். அதன் முதுகில் வந்த காற்றில் வெயில் அசையவே இல்லை.

கதவிடுக்கில் அவள் நின்றுகொண்டிருந்தாள். "என்ன, ரிசல்ட் வந்துருச்சா?"

"குமாஸ்தா பாஸ்" என்றேன். சோபாவில் உட்கார்ந்து, டாக்டர் வாங்கி வைக்கச் சொன்ன கிளிப்பை என் விரலில் மாட்டிக்கொண்டேன். அவள் அதைப் பிடுங்கித் தன் விரலில் மாட்டி, எண் தெரியாதபடி கையைத் திருப்பி வைத்துக்கொண்டாள்.

கத்திரிப்பூவைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. மச்சான் கொண்டுவந்தது. அவள் வீட்டில் இல்லாத நேரத்தில் போட்டு, தூசி அடங்கியபின் துடைத்துக்கொள்ளலாம் என்று ஓரமாக வைத்தேன். ஆனால் அவள் வீட்டைவிட்டு எங்கே போகிறாள்?

குமாஸ்தாவுக்குப் பொறுமை வேண்டும். காலையில் டியூட்டிக்குப் போனால் சாயங்காலம்தான் வருவேன், லாரியும் சாயங்காலம்தான் வரிசை கட்டும். ஆனால் விளக்கு வைத்தபின் வீட்டைக் கூட்டக் கூடாதே. வெள்ளிக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம், லட்சுமி குப்பையோடு போய்விடுவாள். என் மனைவிக்கு இதில் நம்பிக்கை உண்டு. மாமியாருக்கு போன் போட்டுத் தீர்ப்புக் கேட்டோம்.

மாமியார் யோசித்தார். "மிஷின்ல கூட்டுன குப்பை எங்க போவுது?"

"டப்பாவுல இருக்கும் அத்த."

"டப்பா எங்க இருக்கும்?"

"வீட்டுக்குள்ளதான்."

"அப்ப குப்பை வாசப்படி தாண்டலயில்ல. கூட்டலாம். காலையில எந்திரிச்சுக் கொட்டிக்கங்க. இதெல்லாம் வெளக்குமாத்துக்குத்தான் மாப்ள, மிஷினு கணக்குல வராது."

அன்று முதல் தினமும் விளக்கு வைத்தபின் நான் குமாஸ்தாவைத் தள்ளினேன். லட்சுமி டப்பாவுக்குள் பத்திரமாகத் தூங்கினாள்.

மழைக்காலம் லாரித் தூசியை அமுக்கிக் கொடுத்தது. எண் கொஞ்சம் ஏறியது. நான் ஜெயித்துவிட்டதாகக்கூட நினைத்தேன். அப்புறம் மார்கழி வந்தது, பனி, அதோடு ஒரு சாதாரணச் சளி. நமக்கு வந்தால் ஆவி பிடித்துவிட்டு வேலைக்குப் போகிற சளி. அவளுக்கு அதில் கிளிப் எண் எண்பதுக்குக் கீழே இறங்கியது. விடிந்ததும் மச்சான் காரோடு வந்தார், மாமியாரும் கூடவே. பின்சீட்டில் அவளைச் சாய்த்து, மச்சான் வாடகைக்கு எடுத்து வந்த ஆக்சிஜன் சிலிண்டரைக் காலடியில் நிறுத்தி, மாமியார் மடியில் தலையை வைத்ததும் காரில் எனக்கு இடம் இல்லை. துணிமணி எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வந்துவிடுகிறேன் என்றேன்.

கார் முனை திரும்பியது. நான் வீட்டுக்குள் வந்தேன். என்ன செய்வது என்று தெரியவில்லை. துணி மடிக்க வேண்டும், மடிக்கத் தெரியவில்லை. திரும்பி வரும்போது வீடு சுத்தமாக இருக்க வேண்டும், ஒரு தூசி இருக்கக் கூடாது, இருந்தால் மாமியார் கூட்டிப்போய்விடுவார் என்பது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. அவள் வீட்டில் இல்லை. இதுதான் நேரம். கத்திரிப்பூவை இழுத்து வந்து அடாப்டரை மாட்டி, படுக்கையறையிலிருந்து வாசலை நோக்கித் தள்ள ஆரம்பித்தேன்.

ஒருவர் வெளியே கிளம்பிப் போனதும் வீட்டைக் கூட்டக் கூடாது. எங்கள் பக்கம் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். போனவர் போய்ச் சேர்ந்த தகவல் வரும்வரை விளக்குமாற்றைத் தொட மாட்டார்கள். ஆள் போன கையோடு வீட்டைக் கூட்டிக் கழுவுவது ஒரே ஒரு நாளில்தான். பாடை தெருமுனை தாண்டிய பிறகு.

அது எனக்குத் தெரியும். ரைஸ் மில் சத்தத்தில் அதுவும் காதில் விழவில்லை, கார் திரும்பி வந்த சத்தமும் விழவில்லை. ஸ்கேன் கவரை மறந்துவிட்டு வந்திருக்கிறார்கள். நிலைப்படிவரை உறிஞ்சிக்கொண்டே வந்து நிமிர்ந்தால், எதிரே மாமியார்.

அவர் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதை நான் பார்த்தேன். சுவிட்சை அணைத்தேன். தெருவே அமைதியாகிவிட்ட மாதிரி இருந்தது. எதிர்வீட்டு வாசலில் இரண்டு பேர் என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"பொணம் போன வீடா இது?" என்றார் மாமியார். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"அத்த... மிஷினு கணக்குல வராதுன்னு நீங்கதான..."

"லெச்சுமிக்கு வராதுன்னு சொன்னேன். எமனுக்கு வராதுன்னு சொன்னேனா?"

கவரை எடுத்துக்கொண்டு அவர் திரும்பி நடக்க, நான் பின்னாலேயே காருக்கு ஓடினேன். கண்ணாடியை இறக்கியிருந்தாள். ஆக்சிஜன் முகமூடிக்குள் மூச்சு பனியாகப் படிந்து படிந்து மறைந்தது. என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள். வையப் போகிறாள் என்று குனிந்தேன். முகமூடியைக் கொஞ்சம் தூக்கி, ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சை இழுத்து இழுத்துக் கேட்டாள்:

"எந்த... மிஷினு?"

"கத்திரிப்பூ."

"அது... தூசியக்... கக்குமேங்க" என்றாள்.

திருச்சியில் அவளைக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். சாயங்காலம் ஒரு தரம், ஒரு ஆள் மட்டும் உள்ளே போகலாம். அந்த ஒரு ஆளாக மாமியார் போனார், நான் கேட்கவில்லை. வராண்டாவில் உட்கார்ந்து எமனோடு வழக்காடினேன். உறிஞ்சியதுதானே, கூட்டவில்லையே. குப்பை வாசல் தாண்டவில்லையே. டப்பாவைக் கொட்டவில்லை, இன்னும் அப்படியே இருக்கிறது. திடீரென்று ஒரு சந்தேகம்: பின்பக்கம் கக்கியதே, அது வாசல் தாண்டியிருக்குமா? பக்கத்து பெஞ்சில் இருந்தவர் எழுந்து தள்ளி உட்கார்ந்தார். நான் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பேருந்து நிலையத்தில் என்னோடு வேலை பார்ப்பவர் போனில் கூப்பிட்டார். அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அண்ணே, நம்ம ஸ்டாண்டுல வண்டி கெளம்புன அடுத்த நிமிசம் பிளாட்பாரத்தக் கூட்டுறாங்களா இல்லையா?"

"கூட்டுறாங்க."

"அத்தன வண்டியும் கவுந்துருச்சா?"

"ரெண்டு மூணு கவுந்துருக்குல்ல?" என்றேன்.

"ஒங்களுக்கு ஆறுதல் சொல்ல வந்தேன் பாருங்க, என்னச் சொல்லணும்" என்று வைத்துவிட்டார்.

அவள் அந்தச் சளியிலிருந்து மீண்டாள். மீண்டாள் என்பது டாக்டரின் வார்த்தை. கிருமி போய்விட்டது, ஆனால் அது தின்றுவிட்டுப் போன பாகம் போனதுதான் என்றார். இனி நாள் முழுக்க மூக்கில் குழாய், அதற்கு வீட்டில் ஓர் ஆக்சிஜன் மிஷின், கரண்ட் போனால் மாற்ற ஒரு சிலிண்டர். ஆஸ்பத்திரி வாசலில் கார் எந்தப் பக்கம் திரும்பினாலும் கேட்க எனக்கு வாய் இல்லை. மூச்சு இறங்கினால் தூக்கிக்கொண்டு போவேன் என்று மாமியார் முதலிலேயே சொல்லியிருந்தார். மணமேல்குடிக்குத் தூக்கிக்கொண்டு போனார். அவளும் எதுவும் சொல்லவில்லை. சொல்லுவதற்கு மூச்சு வேண்டுமே.

வார ஓய்வு நாளில் நான் பஸ் ஏறிப் போவேன். மாமியார் வீட்டில் தூசியைத் தேடினாலும் கிடைக்காது. தரையில் முகம் பார்க்கலாம். ஜன்னலில் கடல்காற்று. நான் விருந்தாளி மாதிரி நாற்காலி ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். வையவில்லை. சாவிக்கொத்து எங்கே என்று ஒரு தரம் கேட்டாள். பாக்கெட்டிலிருந்து எடுத்துக் காட்டினேன். தலையாட்டினாள். கிளிப்பில் எண் அங்கேயும் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டேதான் இருந்தது. மாமியார் அதை என்னிடம் காட்டாமல் மறைத்தார். நானும் பார்க்காதது மாதிரி இருந்தேன்.

மறுபரிசோதனைக்குப் போனபோது மாமியார்தான் கேட்டார். "எங்க வீட்டுல ஒரு பொட்டுத் தூசி கெடையாது டாக்டர். பெறகும் ஏன் எறங்குது?"

டாக்டர் இந்தத் தடவை கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை. "தூசி இல்லாம இருக்குறது நல்லதும்மா. இருமல் கம்மியா இருக்கும். ஆனா தூசி இல்லாததால இந்த நோய் நின்னுறாது. அது அதும்பாட்டுக்குப் போகும்."

மூன்று மிஷின், சலித்த கல்தூள், வெயில் கம்பம், வெல்டிங் கண்ணாடி. எல்லாவற்றையும் வைத்து நான் பிடித்துக்கொண்டிருந்தது எதை என்று அப்போதுதான் விளங்கியது. மாமியாரின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் அதே கணக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது. கடல்காற்றும் தோற்றுவிட்டது.

வெளியே சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "கேட்டீங்கள்ல? எங்கிட்டு இருந்தாலும்... இவ்வளவுதான். அப்ப... வீட்டுக்குப் போவோம்."

நான் மாமியாரைப் பார்த்தேன். அவர் மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்தார். "எந்தலையாணியும் எடுத்துக்கிட்டு வாரேன். ஒங்க வீட்டுத் தலையாணி கல்லு மாதிரி இருக்கு" என்றார்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை. அவள் கட்டிலில், தலைமாட்டில் ஆக்சிஜன் மிஷின் புஸ் புஸ்ஸென்று மூச்சு விடுகிறது. அவள் போனதிலிருந்து நான் கூட்டாமலே விட்ட வீடு, சோபாமேல் விரல் கனத்துக்குத் தூசி. அறைக்கதவைச் சாத்திவிட்டு, கூடத்தில் சிவப்பு மிஷினை மாட்டினேன். சோபாவுக்குக் குமாஸ்தா போதாது என்று நினைத்தேன். பட்டென்று ஒரு சத்தம். பீஸ் போய்விட்டது. ஃபேன் நின்றது, மிஷின் நின்றது, அறைக்குள்ளிருந்து கீ கீ என்று அலறல். ஆக்சிஜன் மிஷினும் அதே லைனில்தான் இருந்திருக்கிறது.

கதவைத் திறக்க வேண்டிய நான் கதவை இடித்துக்கொண்டு விழுந்தேன். எழுந்து, சிலிண்டர்ச் சாவியைக் கையில் எடுத்தேன். எந்தப் பக்கம் திருப்புவது? இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? காட்டிக் கொடுத்தார்கள், நானும் தலையாட்டினேன். இப்போது மண்டை வெறுமை. சாவி நழுவிக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. மாமியார் என்னை ஒரு கையால் தள்ளிவிட்டு, தரையில் படுத்துச் சாவியை எடுத்து, திருகி, குழாயை மாற்றிவிட்டார். புஸ்ஸென்று காற்று வந்தது. அவள் உதடு கறுத்திருந்தது. மெல்ல நிறம் திரும்பியது. நாங்கள் இருவரும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பக்கத்து வீட்டுக்காரர் வந்து பீஸ் கட்டையில் கம்பி மாற்றிக் கொடுத்தார். ஆக்சிஜன் மிஷின் மறுபடி மூச்சு விட ஆரம்பித்தது. நான் மூன்று மிஷின்களையும் இழுத்துக் கொல்லைக் கதவோரம் வைத்தேன். இனிமேல் இந்தச் சனியன்கள் வேண்டாம், ஈரத்துணி போதும், அதுவும் வேண்டாம், இவள் பக்கத்தைவிட்டு நகரவே மாட்டேன் என்று நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தேன். அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தேன். ஏறியது. இறங்கியது. அடுத்தது ஏறுகிறதா என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏங்க."

"என்னம்மா, என்ன செய்யுது? டாக்டரக் கூப்புடவா?"

"மிஷின... போடுங்க."

"அதெல்லாம் வேணாம். பீஸ் போயிரும்."

"சின்னது... போடுங்க. அதுக்குப்... போகாது."

"எதுக்கு இப்ப? தூசியால ஒண்ணும் இல்லைன்னுதான் டாக்டரே சொல்லிட்டாருல்ல."

கண்ணை மூடி, அடுத்த வாக்கியத்துக்குத் தேவையான காற்றைச் சேர்த்துக்கொண்டாள். "தூசிக்கு இல்ல. நீங்க... இப்படி... எம்மூச்சவே... பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா... எனக்கு விடவே... வரல. அங்கிட்டுப் போயி... எதையாவது... தள்ளுங்க."

மாமியார் சமையலறையிலிருந்து, "போங்க மாப்ள. அவ சொல்றது சரிதான், எனக்கே மூச்சு முட்டுது" என்றார்.

எழுந்தேன். குமாஸ்தாவைத் தூக்கிக்கொண்டு கூடத்தைத் தாண்டி, சாமான் போட்டு வைத்திருக்கும் கடைசி அறைக்குப் போனேன். வேறு லைனில் இருக்கிற பிளக்காகப் பார்த்து மாட்டினேன். அது தன் சின்னக் குரலில் முனக ஆரம்பித்தது. காலி டிரங்குப் பெட்டிக்கு அடியில், மூட்டைகளுக்கு நடுவில், ஒன்றுமே இல்லாத மூலையில் தள்ளினேன். ஒரு தடவை அணைத்துவிட்டு, அவளுடைய ஆக்சிஜன் மிஷின் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தேன்.

"நிப்பாட்டாதீங்க" என்று அங்கிருந்து குரல் வந்தது.

மறுபடி போட்டேன்.